தனிவழியும் தோட்சுமையும்

வழிநடப்பார் தம்மொடு கொண்டுசெல்லும் உணவுக்குப் பழந்தமிழில் ஆற்றுணா என ஒரு பெயரும், தோட்கோப்பு என மற்றொரு பெயரும் உண்டு. ஆற்றின்கண், அஃதாவது வழியின்கண், உண்ணப்படுதலின் ஆற்றுணா ஆயிற்று. தோளிற் கோத்துச் செல்லப்படுதலின் தோட்கோப்பு ஆயிற்று. முன்னதைப் பழமொழி நானூற்றிலும் பின்னதை நாலடியாரிலும் காணலாம். ஒரே பொருளை வயிற்றின் பக்கம் நின்று நோக்கினார் ஒரு பெயரும், தோளின் பக்கம் நின்று நோக்கினார் ஒரு பெயரும் இட்டனர் போலும். நாலடியாரில் அச்சொல் மறுமைக்கு உறுதுணையாகிய அறத்தைக் குறித்து நிற்பினும், நெடுவழி நடந்து தோள் நொந்த ஒருவரே அதனை முதற்கண் வழங்கியிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

ஈண்டு யான் ஆராயப் புகுந்தது அத்தோளைப் பற்றியே. தனி ஒருவர், ஆள்வழக்குக் குறைந்த காட்டுவழி ஒன்றில், ஓர் இரவேனும் தங்கி மீள்வதற்கு வேண்டிய உணவும் உறையுளும் போர்வையும் தம் முதுகிலேயே சுமந்து செல்லும் வழக்கம் மேனாடுகளில், சிறப்பாக அமெரிக்க நாட்டில், பெரிதும் பரவியுளது. அவ்வழக்கத்தினுள்ளும் சுமையை இயன்றவரை குறைத்துச் செல்லுதல் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துளது. பல் துலக்கும் குச்சத்தின் காம்பையும் எடை நோக்கிப் பாதியாக அறுத்துவிடுவார் அக்கலையினருள் உளர் என்றால், அவர்தம் ஊக்கத்தை அன்பர்கள் ஒருவாறு உணரலாம். ஆயினும் அவர் நூல்களையும் நம் பத்துப்பாட்டினுள் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பயின்றபொழுது எனக்கு ஒன்று புலனாயிற்று. சுமை குறைத்தல் என்பது சுமையை இல்லையாக்குதலன்று, அதனைத் தோளினின்றும் எடுத்து வேறோரிடத்தில் ஏற்றிவைத்தலேயாம். எங்கே ஏற்றிவைத்தோம் என்று அறியாது செல்வோனுக்குக் காட்டில் நேரும் இடர் சிறிதன்று.

இக்கலைக்கு முன்னோடியாகக் கூறத்தக்கவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஸியர்ஸ் என்பார். 1821-ஆம் ஆண்டு மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்திற் பிறந்து, பென்ஸில்வேனியாவில் வெல்ஸ்பரோ என்னும் ஊரிற் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். இளமையில் தமக்குக் காட்டறிவு புகட்டிய செவ்விந்திய நண்பர் ஒருவரின் பெயரையே புனைபெயராகக் கொண்டு 'நெஸ்மக்' என்னும் பெயரால் எழுதினார். உருவிற் சிறியவர், காசநோயால் மெலிந்தவர். அக்காலத்தில் நியூயார்க் மாநிலத்து அடிரண்டாக் காடுகளுக்குச் செல்லும் செல்வர்கள் வழிகாட்டிகளை அமர்த்திக்கொண்டு, கனத்த படகுகளையும் பெட்டிகளையும் அவர்தம் தோளில் ஏற்றிவிட்டு வெறுங்கையராய் நடந்தனர். நெஸ்மக்குக்கு ஆள் அமர்த்தப் பொருளில்லை, கனத்தைத் தூக்க உடலுரமும் இல்லை. ஆகவே சுமையைக் குறைப்பதன்றி அவர்க்கு வேறு வழியில்லாதாயிற்று. 1880-ஆம் ஆண்டுச் செலவில், படகு, போர்வைப் பை, மாற்றுடை, சிறு கோடரி, தூண்டிற்கோல், இரண்டு நாளுக்குரிய உணவு ஆகிய எல்லாம் சேர்ந்தும் தம் சுமை 26 பவுண்டுக்கு, அஃதாவது ஏறக்குறைய 12 கிலோவுக்கு, மேற்பட்டதில்லை என்று அவர் எழுதியுள்ளார். 'வுட்கிராஃப்ட்' என்னும் அவரது நூல் 1884-இல் வெளிவந்தது.

படகையும் சுமையோடு சேர்த்தெண்ணியது நமக்கு வியப்பாகலாம். அக்காட்டில் ஏரிக்கும் ஏரிக்கும் இடையே நிலம் குறுக்கிடும். அவ்விடங்களிற் படகைத் தலைமேற் கவிழ்த்துக்கொண்டு நடத்தல் வேண்டும். 1883-இல், தம் 61-ஆம் வயதில், அவர் கொண்டுசென்ற படகு 9 அடி நீளமும் பத்தரைப் பவுண்டு எடையும் உடையது. ஜே. ஹென்றி ரஷ்டன் என்னும் படகுத் தச்சர் அதனைச் செய்தளித்தார். அதிலே அவர் 266 மைல் சென்று மீண்டார். அப்படகுக்கு அவர் இட்ட பெயர் 'ஸெய்ரி காம்ப்' என்பது. டிக்கன்ஸ் எழுதிய புதினம் ஒன்றில் வரும் செவிலி அவள். குடிக்கும் மதுவில் நீர் கலவாதவள். நீர் உட்புகாத படகுக்கு நீர் கலவாதவள் பெயர் பொருந்தும் என்று அம்முதியவர் கருதினார். சிலேடை நயம் நம் தனிப்பாடற் புலவர்க்கே உரியதென்று எண்ணியிருந்த எனக்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி தந்தது.

நெஸ்மக் தோளினின்றும் இறக்கிய சுமையை எங்கே வைத்தார்? பெரும்பகுதியைத் தம் கைத்திறத்தில் வைத்தார். மழையில் நனைந்த காட்டில் எம்மரத்தின் உட்பட்டை எரியும், கிளைகளைக் கொண்டு ஒருபுறம் திறந்த குடிலை நெருப்புக்கு எதிரே எங்ஙனம் சாய்த்துக் கட்டினால் வெம்மை உள்ளே திரும்பும் என்பன அவர்க்கு விரல்நுனியில் இருந்தன. அவ்வறிவே அவர்க்குக் கூடாரமாயிற்று. ஆயின் அவர் கோடரியாற் கிளைகளைத் தறித்துப் படுக்கை அமைத்ததுபோல இன்று பல்லாயிரவர் செய்யத் தொடங்கின் அக்காடு எஞ்சாது. ஆகவே அவர் சுமையில் ஒரு பகுதியைக் காடும் தாங்கியது என்பதை நாம் மறைத்தற்கில்லை.

அடுத்துக் கூறத்தக்கவர் ஒரு மூதாட்டியார். அவர் வரலாற்றுக்கு முன், அவர் நடந்த வழியைப்பற்றிச் சில சொற்கள் வேண்டும். அமெரிக்காவின் கீழ்த்திசையில் ஜார்ஜியா முதல் மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து செல்லும் அப்பலேச்சியன் நெடுவழி ஏறக்குறைய 2,190 மைல் நீளமுடையது. பென்டன் மக்கே என்பார் 1921-இல் இதனைக் கருதி வெளியிட்டார். 1937-இல் வழி முற்றுப்பெற்றது. மரங்களிலும் பாறைகளிலும் இரண்டங்குல அகலமும் ஆறங்குல உயரமும் உள்ள வெள்ளைப் பட்டை தீட்டப்பட்டிருக்கும். அதுவே வழியின் அடையாளம். பட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருப்பின் வழி திரும்புகிறது, விழிப்பாயிருக்க என்பது கருத்து. இடையிடையே மூன்று பக்கம் சுவருடைய சிறு அம்பலங்கள் 250-க்கு மேல் உள்ளன.

எம்மா கேட்வுட் என்னும் அம்மூதாட்டியார் 1887-இல் ஒஹாயோ மாநிலத்தில் உழவர் குடியிற் பிறந்தவர், பதினொரு மக்களைப் பெற்றவர். கணவனிடத்து அடியும் உதையும் பட்டு நெடுங்காலம் வாழ்ந்து, பின்னர் மணவிலக்குப் பெற்றவர். 1954-இல் மெய்ன் மாநிலத்திலிருந்து தெற்கு நோக்கி இவ்வழியிற் புறப்பட்டார். சில நாளில் வழி தவறினார், மூக்குக்கண்ணாடியும் உடைந்தது, உணவும் தீர்ந்தது. காட்டு அலுவலர் அவரை வீட்டுக்குச் செல்லுமாறு கூறி அனுப்பினர். மறு ஆண்டு, தம் 67-ஆம் வயதில், ஜார்ஜியாவிலிருந்து வடக்கு நோக்கி மீண்டும் தொடங்கி, 1955 செப்டம்பர் 25-ஆம் நாள் மெய்னிலுள்ள கட்டாதின் மலையுச்சியை அடைந்தார். அவ்வழி முழுவதையும் ஒரே தொடராகத் தனித்து நடந்து முடித்த முதற் பெண் அவரே. 1957-இல் மறுபடியும் நடந்தார். மூன்றாம் முறை பகுதி பகுதியாக நடந்து 1964-இல் முடித்தார்.

அவர் கொண்டுசென்றவை எவை? முரட்டு நீலத்துணியில் தாமே தைத்த பை ஒன்று. அதனை முதுகிற் கட்டாது ஒரு தோளிலே போட்டுக்கொண்டார். காலிற் சாதாரண ரப்பர் அடித் துணிச்செருப்பு. போர்த்துக்கொள்ளப் படைவீரர் கம்பளி ஒன்று, மழைக்கு ஓர் அங்கி, மேலே விரிக்கக் குளியலறைத் திரையாகிய பிளாஸ்டிக் விரிப்பு. கூடாரமில்லை, உறக்கப்பையில்லை. சுமை 20 பவுண்டுக்கு மேற்படவில்லை. இலைச்சருகைக் குவித்து அதன்மேற் படுத்தார். இவரைப் பெயர்கூறிப் புகழ்வோர், சுமையின்றி நடப்பதற்கு ஊக்கம் ஒன்றே போதும் என்பதற்கு இவரைச் சான்றாகக் காட்டுவர். யான் அதனை முற்றும் ஒப்பேன். எத்தனையோ இரவுகளில் அவர் வழியோரத்து வீடுகளின் கதவைத் தட்டி இடம் கேட்டார். பலர் உணவும் படுக்கையும் கொடுத்தனர், சிலர் மறுத்தனர். அவர் பையிற் குறைந்த எடையைத் திண்ணைகளும் அடுக்களைகளும் தாங்கின. இது குறையன்று. பாணரும் கூத்தரும் நம் நாட்டில் நடந்த முறையும் இதுவே. இதனை மறந்து, அவர் பையை மட்டும் அளவாகக் கொண்டு ஆளில்லாக் காட்டிற் புகுதல் அறிவுடைமையாகாது.

மூன்றாமவர் ரே ஜார்டின். இவர் வானவூர்திப் பொறியியல் வல்லுநர், பாறையேறுதலில் ஒரு புதுக் கருவியையே கண்டுபிடித்தவர். 1992-இல் மேல்திசை மலைமுகட்டு நெடுவழியில் நடப்பார்க்கு அவர் எழுதிய கைந்நூல் இக்கலையின் போக்கையே மாற்றியது. நெஸ்மக் வறுமையாலும் கேட்வுட் எளிமையாலும் செய்ததை இவர் கணக்கினாற் செய்தார். உணவு, நீர், எரிபொருள் ஆகிய குறையும் பொருள்கள் நீங்கலாகப் பையில் எஞ்சுவதை அடிப்படைச் சுமை என்பர். அஃது 20 பவுண்டுக்குக் கீழிருப்பின் இலகு சுமை என்றும், 10 பவுண்டுக்குக் கீழிருப்பின் மிக்க இலகு சுமை என்றும் இன்று வழங்குவர். ஜார்டின் பத்துக்குள் நின்றார்.

அவர் வாதங்களுள் ஒன்றை மட்டும் ஈண்டு விரிப்பேன். இரவில் நம்மைக் காப்பது போர்வையின் துணியன்று, அதனுள் அடைபட்ட காற்று. வாத்தின் மென்தூவியால் நிரப்பிய உறக்கப்பை வெம்மை தருவது அத்தூவி பொங்கி நின்று காற்றைப் பிடித்து வைத்தலினாலேயாம். உடலின் கீழே அகப்பட்ட தூவியோ நம் கனத்தால் நசுங்கிக் காற்றை இழந்துவிடும். பயன்படாத அப்பகுதியைச் சுமப்பது எதற்கு? அதனை வெட்டி எறிந்துவிட்டு, மேலே மூடும் போர்வையை மட்டும் கொண்டு, கீழே நசுங்காத நுரைப்பாய் ஒன்றை விரித்தாற் போதும் என்பது அவர் முடிபு. அங்ஙனமே நாற்புறமும் அடைத்த கூடாரத்துக்கு ஈடாக இரண்டு மரங்களின் இடையே கயிறு கட்டி விரிக்கும் படங்கு ஒன்றே போதும் என்றார். அதனுள் காற்று உலவுதலின் நம் மூச்சிலுள்ள ஈரம் துளியாகத் திரண்டு போர்வையை நனையாது.

ஓரிரவுக்கு இக்கணக்கு எவ்வாறு முடிகிறது என்று எழுதிப் பார்த்தேன். படங்கு 400 கிராம், கயிறும் முளைகளும் 150, நுரைப்பாய் 400, தூவிப்போர்வை 700, முதுகுப்பை 700, மழையங்கி 250, மாற்றுக் கம்பளிச் சட்டையும் காலுறையும் 500, சிற்றடுப்பும் பாத்திரமும் 350, விளக்கு, வரைபடம், திசைகாட்டி, ஊதல், கத்தி, மருந்து எல்லாம் சேர்ந்து 450. ஆகத் தொகை 3 கிலோ 900 கிராம். உணவு 900 கிராமும் நீர் இரண்டு லிட்டரும் கூட்டினும் ஏழு கிலோவுக்குள் அடங்கிவிடும். விடுதியில் யான் போர்த்துக்கொள்ளும் பருத்திச் சமக்காளத்தை உணவுச்சாலைத் தராசில் இட்டு நிறுத்தேன். அஃதொன்றே ஒன்றேமுக்கால் கிலோ இருந்தது. நனைந்தால் அதன் எடை இன்னும் ஏறும், வெம்மையோ போய்விடும். கம்பளி நனைந்தும் ஓரளவு வெம்மை காக்கும். தூவி நனையின் பருத்தியினும் இழிந்ததாய் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் தூவிப்போர்வை கொள்வோன் அதனை நீர்புகாப் பையில் இட்டுக் காத்தல் இன்றியமையாதது. கண்டீர்களா, இங்கும் எடை போய் அதனிடத்தில் கவனம் வந்து அமர்ந்துகொண்டது. படங்கும் அத்தகையதே. காற்று எப்பக்கமிருந்து வரும் என்று அறியாதான் கட்டிய படங்கினுள் மழை தானே விருந்தாகப் புகும்.

இனி நம் நூலுக்கு வருவோம். பத்துப்பாட்டில் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனிடத்துப் பரிசில் பெற்று மீளும் கூத்தர் தலைவன், எதிர்வரும் கூத்தர் கூட்டத்துக்கு அவனூர்க்குச் செல்லும் மலைவழியைக் கூறுவதாக அமைந்தது. நன்னனது ஊராகிய செங்கண்மா இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என வழங்குகிறது. இப்பாட்டை அணிநலத்துக்காகவும் நன்னன் புகழுக்காகவும் பயில்கிறோம். ஆயின் இதன் பெரும்பகுதி காட்டுவழி நடப்பார்க்குரிய கைந்நூலே என்பதைச் சுமைகுறைப்பார் நூல்களைக் கற்ற பின்னரே யான் உணர்ந்தேன்.

தொடக்கத்திலேயே சுமை வருகிறது. கூத்தர் தம் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டு, ஒத்த கனமுடையனவாகக் கட்டிச் சுமந்து செல்கின்றனர். அப்பைகளுக்குக் காய்த்த பலாவின் காய்க்கொத்து உவமை. முதுகுப்பையில் ஒருபுறம் கனம் மிகின் நடை கோணும் என்று இன்றைய நூல்கள் கூறுவதை இவ்வுவமை சொல்லாமற் சொல்கிறது. பின்னர் வழியின் இடர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. தினைப்புனத்திற் பன்றியைப் பிடிக்க வைத்த கற்பொறிகள் வழியிலுள்ளன, ஆதலால் இருளில் நடவாமல் தங்கி, விடிந்த பின் செல்லுக. பலர் வழங்காத வழியிற் பருக்கைக் கற்களின் பிளவுகளிலுள்ள குழிகளிற் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும், அவ்விடங்களைக் குறிக்கொண்டு விலகிச் செல்லுக. புனங்காப்போர் யானையை ஓட்டக் கவணில் எறியும் கல் மரங்களிற் பட்டுப் பாய்ந்து வரும், மரத்தின் மறைவில் ஒதுங்குக. நீர்த்துறையிற் பாசி படர்ந்து அடியைச் சறுக்கும், அங்கே வளர்ந்த மெல்லிய மூங்கிலையும் கொறுக்கையையும் பற்றிக்கொண்டு செல்லுக. இரவில் மலைக்குகையினுள், சொந்த வீட்டிற் புகுவதுபோலப் புகுந்து தங்குக.

இவற்றுள் எதுவும் தோளிற் சுமக்கத்தக்க பொருளன்று என்பதை நோக்குக. ஊன்றுகோலைக்கூட அவர்கள் சுமந்து செல்லவில்லை, வேண்டிய இடத்தில் வளர்ந்து நிற்பதைப் பற்றிக்கொள்ளுகின்றனர். கூடாரமும் அங்ஙனமே, குகையே அது. முன்சென்று மீண்டவன் கூறிய செய்தி பின்செல்வோன் முதுகினின்றும் சுமையை இறக்கிவிடுகிறது. ஆற்றுப்படை என்னும் துறையைப் புலவர் வறுமை தீர எழுந்ததென்று மட்டும் கூறி விடுதல் குறைவுடைய கூற்றே.

இப்பாட்டில் என்னைத் திடுக்கிடச் செய்த இடம் ஒன்றுண்டு. மலைவாழ் குறவரும் திசை மயங்கும் குன்றத்தில் அகப்பட்டுக்கொண்டால் என் செய்வது? மேலும் நடவாதீர், அகன்ற பாறையின்மேல் ஒருங்கு கூடி, உம் இசைக்கருவிகளை ஒலியுங்கள் என்கிறான் கூத்தன். அவ்வொலி கேட்ட கானவர், நீரில் வீழ்ந்தாரைக் காக்க ஓடுவார்போல விரைந்து வந்து, கனி தந்து, வழியும் காட்டுவர் என்கிறான். இன்று எந்நாட்டு மீட்புப்படையினரும் வழிதவறினார்க்குக் கூறும் அறிவுரை இதுவே. நில், மேலும் அலையாதே, திறந்த இடத்தில் உன்னைப் பிறர் காணவும் கேட்கவும் செய் என்பர். மும்முறை ஊதல் ஊதுதல் உதவி வேண்டும் குறியாக இன்று வழங்குகிறது. அன்று கூத்தர்க்கு முழவும் தூம்பும் இருந்தன. அவர் தோளில் மிகக் கனத்த பொருள் அவ்விசைக்கருவிகளே. அவற்றை விட்டுச் சென்றிருப்பாராயின் சுமை பெரிதும் குறைந்திருக்கும். குன்றத்தில் மயங்கிய நாளிலோ அவர் குரல் எட்டும் தொலைவு மட்டுமே அவர்க்குத் துணையாயிருந்திருக்கும்.

ஆயினும் பாட்டு தனித்துச் செல்வோனுக்குப் பாடப்பட்டதன்று. கூத்தர் பலர் உடன்செல்கின்றனர். ஒருவன் அடி சறுக்கின் மற்றொருவன் தாங்குவான். தனி நடப்போனுக்கு இத்துணை இல்லை. அத்துணைக்கு ஈடாக அவன் எதனைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே இப்பொருளில் மிக அருமையான வினா.

2013-ஆம் ஆண்டில், மேற்கூறிய அப்பலேச்சியன் நெடுவழியின் மெய்ன் பகுதியில், அறுபது கடந்த அம்மையார் ஒருவர் தனித்து நடந்துகொண்டிருந்தார். முதலில் உடன் வந்த தோழி இடையில் வீடு திரும்ப நேர்ந்தது. ஒருநாள் காலைக்கடன் கழிக்க வழியினின்றும் சிறிது விலகிக் காட்டினுள் சென்றவர் திரும்பும் வழியைக் காணாதவரானார். கைப்பேசியிற் செய்தி அனுப்பினார், அலையெட்டாத காடாதலின் எதுவும் சென்று சேரவில்லை. அலை கிடைக்குமென்று மேட்டுநிலம் நோக்கி ஏறினார். பின்னர் ஓரிடத்திற் கூடாரம் கட்டித் தங்கினார். நூற்றுக்கணக்கானோர் தேடியும் அடர்ந்த மரங்களிடையே அவரைக் காணவில்லை. குறிப்பேட்டில் தம் கணவர்க்கும் மகளுக்கும் எழுதிக்கொண்டே ஏறக்குறைய நான்கு வாரம் உயிரோடிருந்தார். ஈராண்டு கழித்து, 2015-இல், அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. நெடுவழிக்கும் அவ்விடத்துக்கும் இடையே ஒரு மைலும் இல்லை. செயற்கைக்கோள் வழியே இடத்தை அறிவிக்கும் சிறு பொறி ஒன்றை அவர் முன்னர்த் தங்கிய விடுதியில் விட்டு வந்திருந்தார் என்பது பின்னர்த் தெரிந்தது.

அவ்வம்மையாரைக் குறைகூறுதற்கு இதனை எழுதினேனில்லை. ஆயிரம் மைலுக்கு அருகே நடந்து வந்த அவர் திறத்தின்முன் தராசுடன் விடுதியில் அமர்ந்து கணக்கிடும் யான் எம்மட்டு? எடை ஏட்டில் எல்லாப் பொருளும் ஒரே நிரலில் நிற்கின்றன என்பதைக் காட்டவே எழுதினேன். அறுத்தெறிந்த துலக்கிக் காம்பும் இடமறிவிக்கும் பொறியும் கிராம் கணக்கிற் பெரிதும் வேறுபடா. முன்னது இல்லாமையால் வருவது ஒன்றுமில்லை. பின்னது இல்லாதவிடத்து அதன் சுமையை ஏற்பது உயிரே. சுமைகுறைப்பார் நூல்கள் சிலவற்றில் இவ்வேறுபாடு போதிய அழுத்தத்துடன் கூறப்படாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

எடையே இல்லாத காப்புகளும் சில உண்டு. செல்லும் வழி, தங்கும் இடம், மீளும் நாளும் நேரமும் எழுதி ஊரில் ஒருவர் கையிற் கொடுத்துச் செல்லுதல் அவற்றுள் முதலாவது. நம் விடுதிக் காப்பாளரின் வெளிச்செல்வோர் ஏட்டில் கையெழுத்திடுவதை நம்மில் விரும்புவார் யாரும் இலர். அப்பலேச்சியன் வழியின் அம்பலங்களிலோ அத்தகைய குறிப்பேடு ஒன்று கிடக்கிறது. தனி நடப்போர் தாமே விரும்பி அதில் நாளும் பெயரும் எழுதிச் செல்கின்றனர். காணாமற்போனாரைத் தேடுவோர் முதலில் புரட்டுவது அவ்வேடுகளையே.

இரண்டாவது, வெளிச்சத்தைக் கணக்கிடுதல். ஸ்காட்லாந்து மலையேறியாகிய வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஓர் எளிய வாய்பாடு கூறினார். மூன்று மைலுக்கு ஒரு மணி, இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி என்பது அது. ஆறு மைல் தொலைவும் இரண்டாயிரம் அடி ஏற்றமும் உள்ள வழிக்கு மூன்று மணி ஆகும். இதுவும் இளைப்பாறாது நடப்பார்க்குரிய கணக்கே. புதியோர் இதனை ஒன்றரை மடங்காகக் கொள்ளுதல் நன்று. இருட்டுதற்கு இரண்டு மணி முன்னரே தங்குமிடம் சேர்ந்தவனே இடத்தை நன்கு தேரமுடியும். அவன் முதலில் தரையை நோக்காது மேலே நோக்குக. பட்டுப்போன மரமோ முறிந்து தொங்கும் கிளையோ தலைக்குமேல் இருப்பின் அவ்விடம் ஆகாது. பின்னரே தரையை நோக்குக. பள்ளத்தின் அடியிற் குளிர்க்காற்று இரவில் வந்து தேங்கும், மழைநீரும் அங்கேதான் வரும். உணவுப்பையைப் படுக்கையருகே வைத்தலும் கூடாது. அமெரிக்கக் கிழக்குக் காடுகளிற் கருங்கரடி உண்டு. தங்குமிடத்துக்கு 200 அடி தொலைவில், நிலத்துக்கு 12 அடி மேலும் அடிமரத்துக்கு ஆறடி விலகியும் இருக்குமாறு அப்பையைக் கிளையிற் கட்டித் தொங்கவிடுவர்.

நம் நாட்டுக் காட்டில் இதனைச் செய்யலாமோ என்று கேட்கும் நண்பர்கட்கு ஒரு சொல். நம் காப்புக்காடுகளினுள் இசைவின்றிப் புகுதல் குற்றம். தமிழ்நாட்டு வனத்துறை 2024-ஆம் ஆண்டிற் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழிகளிலும் வழிகாட்டியுடனேயே செல்லுதல் வேண்டும். கரடிக்குப் பையைத் தூக்கிக் கட்டலாம், யானைக்கு எங்கே கட்டுவது? 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் எழுந்த தீயில் மலையேறச் சென்றோர் பலர் மாண்டதையும் நாம் மறந்துவிடவில்லை. ஆகவே தனித்து இரவு தங்குதல் என்பதை அவ்வழக்கத்துக்கென வழியும் அம்பலமும் ஏடும் அமைந்த நாட்டிற்கே உரியதாக இக்கட்டுரையிற் கொண்டேன்.

மலைபடுகடாத்தில் வழி பிரியும் இடங்களைப்பற்றி ஒரு குறிப்பு உளது. முன்பு அறியாத புலத்திற்குப் புதியராய்ச் செல்லுகின்றீர், ஆதலால் கவர்த்த வழியின் சந்தியைத் துடைத்துவிட்டு, செல்லும் நெறி தோன்றப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்பது அது. தமக்காகவன்று, பின்வருவோர்க்காக. புல்முடிச்சு சில நாள் நிற்கும், அடுத்த மழைக்குள் அவிழ்ந்தோ வாடியோ போய்விடும், அடுத்து வருவார் மீண்டும் முடிதல் வேண்டும். அப்பலேச்சியன் வழியின் வெள்ளைப் பட்டைகளும் நெடுநாள் நில்லா. மரம் பருக்கும், பட்டை உரியும், வண்ணம் வெளிறும். அவ்வவ்வூர்த் தொண்டர்கள் தூரிகையும் வண்ணக் குவளையும் கொண்டு, தமக்கென ஒதுக்கிய சில மைல் தொலைவை நடந்து, அவற்றைப் புதுக்கி வருகின்றனர்.